பழைய கட்டில், பீரோ விற்கப் போறீங்களா? விலை வைப்பது எப்படி?
சென்னை,
வீடு காலி செய்யும் அவசரத்தில் தாத்தா காலத்து தேக்கு கட்டிலை, "எடுத்துக்கிட்டு போனா போதும்" என்று அடிமாட்டு விலைக்கு தள்ளி விடுகிறவர்கள் உண்டு. வயசை பார்க்காமல் மரத்தை பார்த்து விலை வைத்தால் ஏமாற வேண்டியதில்லை.

முதலில் பாலிஷ் படாத அடிப்பக்கத்தை பார்க்க வேண்டும். முழு மரம் என்றால் மேல்பக்க ரேகை ஓரத்திலும் தொடரும். பிளைவுட் ஓரத்தில் அடுக்கு அடுக்காக தெரியும். மரத்தூளை அழுத்தி செய்த பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் உப்பி விடும். பிரித்து மாட்டினால் ஸ்குரூவும் சரியாக பிடிக்காது. அதற்கு பெரிய விலை கிடைக்காது.

சின்ன ஓட்டைகளில் இருந்து மாவு போல தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கலாம். மருந்து அடித்த பிறகே விற்க வேண்டும்.

கட்டில் அளவும் முக்கியம். 75-க்கு 60, 78-க்கு 72 அங்குலம் என்றால் மெத்தை ரெடியாக கிடைக்கும். ஆசாரி செய்த வேறு அளவு என்றால் மெத்தையை தனியாக ஆர்டர் கொடுக்க வேண்டும். அதனால் விலை இறங்கும்.

இரும்பு பீரோவில் பூட்டு, சாவி சரியாக இருக்க வேண்டும். அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்து விட்டால் பழைய இரும்பு விலைதான்.

கடைக்காரர் கணக்கு தனி. உதாரணத்துக்கு, அவர் கடையில் ரூ.15 ஆயிரத்துக்கு போகும் கட்டில் என்றால், பாலிஷ், வண்டி கூலி ரூ.4 ஆயிரம், லாபம் ரூ.3 ஆயிரம் போக ரூ.8 ஆயிரம்தான் தருவார். நேரடியாக வீட்டுக்காரருக்கே விற்றால் கூடுதலாக கேட்கலாம். எதுவானாலும் 2, 3 பேரிடம் விலை கேட்காமல் கட்டிலை வண்டியில் ஏற்றக்கூடாது.