வங்கி மோதிரத்துக்கு ஒரு ஜோடி

வங்கி மோதிரம் என்றதும், பணம் போட்டு வைக்கும் வங்கியில் பரிசாகக் கொடுத்த மோதிரமோ என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளக் கூடும். அதல்ல சங்கதி. பெண்கள் முழங்கைக்கு மேலே அணியும் வங்கி என்ற ஆபரணத்தைப் பார்த்திருப்பீர்கள். நாட்டியமாடும் பெண்கள் இன்றும் அதை அணிகிறார்கள். கையைச் சுற்றி வரும் பட்டை, முன்பக்கம் வந்ததும் நேரே போகாமல், ஓட்டு வீட்டுக் கூரை முகடு போல ஏறி இறங்கும். அதையே விரலளவுக்குச் சுருக்கிவிட்டால் வங்கி மோதிரம்.

என் அக்கா பெண்ணுக்குத் திருவண்ணாமலையில் நிச்சயதாம்பூலம் நடந்தது. தட்டு மாற்றி முடிந்ததும், பிள்ளையின் பாட்டி தன் விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் போட்டார். அது இந்த வங்கி மோதிரம்தான். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. சபையில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பிள்ளை வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன். முகூர்த்தத்தன்று தாலி கட்டிய கையோடு மோதிரமும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பையனுக்கும் பெண்ணுக்கும் ஆசை. பையனுக்கு உருண்டையாக ஒரு மோதிரம் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. பெண்தான் நிபந்தனை போட்டாள். "மாமா, பாட்டி போட்ட மோதிரத்தைக் கழற்ற மாட்டேன். கல்யாண மோதிரமும் அதே விரல்லதான் இருக்கணும். ரெண்டும் ஒட்டி உட்காரணும்." தாய்மாமன் என்ற பதவிக்கு மாலை மரியாதை மட்டுமல்ல, இப்படிப்பட்ட கடமைகளும் உண்டு. "ஆகட்டும்" என்று கிளம்பினேன்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நகைக் கடைகளுக்குக் குறைவில்லை. முதல் கடையில் இருபது மோதிரங்களைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் அழகான வட்டங்கள். ஆனால் வட்டத்தை வங்கியின் அடியில் வைத்தால் முகட்டுக்குக் கீழே ஒரு சந்து விழுந்தது. ஒரு நெல்மணி தாராளமாக நுழையலாம். இரண்டாவது கடையிலும் அதே சந்து. மூன்றாவது கடைப் பையன் யோசனை சொன்னான்: "இதை உருக்கிடலாம் சார். ரெண்டையும் புதுசா ஒரே டிசைன்ல எடுத்துக்குங்க." சொன்னவன் சும்மா இருக்கக் கூடாதா? மோதிரத்தை வாங்கி மாற்றுப் பார்க்கும் இயந்திரத்தில் வைத்தான். 58 என்று எண் வந்தது. நல்ல நகைத் தங்கத்துக்கு 91.6 வர வேண்டும். பையன் உதட்டைப் பிதுக்கினான்.

அக்கா கூட இருந்தாள். கடையில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் உடைந்துவிட்டாள்.

"பொன் வைக்கிற இடத்தில் பூவை வெச்சிருந்தாக்கூட சந்தோஷப்பட்டிருப்பேன்டா. செம்பை இல்லே வெச்சிருக்காங்க! அவ்வளவு பெரிய சபையில!"

பெண் மோதிரத்தைத் திருகிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். பிள்ளை வீட்டாரிடம் கேட்டே விடுவது என்று அக்கா தீர்மானித்திருந்தாள். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிக் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

கதை எழுதுகிறவனுக்குத் தூக்கம் வராவிட்டால் புத்தகம் புரட்டுவதைத் தவிர வேறு போக்கிடமில்லை. கல்யாண மோதிரத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானியர், நிச்சயம் செய்யப்பட்ட பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரம் அனுப்புவது தம் காலத்திலும் வழக்கம் என்று எழுதியிருக்கிறார். இரும்பு! ரோமாபுரித் தாயார்கள் யாரும் அழுததாகத் தெரியவில்லை. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் இரட்டை மோதிரம் என்று ஒன்று இருந்தது. இரண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். சேர்த்து மூடினால் ஒரே மோதிரம். 1761-ல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ், கல்யாணத்தன்று சார்லட் ராணிக்குக் கல்யாண மோதிரத்தோடு வைர மோதிரம் ஒன்றையும் கொடுத்தார். கல்யாண மோதிரம் நழுவாமல் காவலிருப்பது அதன் வேலை. ஆக, ஒரே விரலில் இரண்டு மோதிரங்களைக் குடித்தனம் வைக்கும் விவகாரம் என் அக்கா பெண் கண்டுபிடித்ததல்ல. அந்தக் காலத்தில் முதல் மோதிரத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இரண்டாவதைச் செய்ய ஒரு கைவினைஞன் இருந்தான். தட்டில் அடுக்கி வைத்த மோதிரத்துக்கு, தான் யார் பக்கத்தில் போய் உட்காரப் போகிறோம் என்பது எப்படித் தெரியும்?

நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு அடையாளம் தாலியும் மெட்டியும். மோதிரத்துக்கு வேறு உத்தியோகம்: இன்னார் என்று சாட்சி சொல்வது. அசோகவனத்தில் சீதைக்கு அனுமனை யாரென்று சொன்னது கணையாழி. துஷ்யந்தனுக்குச் சகுந்தலையை நினைவூட்டியதும் மோதிரமே. கல்யாண வீட்டில் குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் கைவிட்டுத் தேடச் சொல்லி நாம் சிரிக்கிறோமே, அங்கேகூட மோதிரம் வாங்குகிற பொருளல்ல, கண்டுபிடிக்கிற பொருள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளும் நினைவுக்கு வந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜராஜன் கொடுத்த நகைகளின் ஜாபிதா அங்கே கல்லில் இருக்கிறது. மோதிரங்களும் அதில் உண்டு. பொன்னை நிறுத்தது 'ஆடவல்லான்' என்ற கல்லால். நகைகளை நிறுத்தது 'தக்ஷிணமேரு விடங்கன்' என்ற கல்லால். எடை இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி என்று கணக்கு. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இதெல்லாம் பெரிதல்ல. பதித்த கற்களில் எதில் புள்ளி இருக்கிறது, எதில் கீறல் இருக்கிறது என்பதையும் சேர்த்து வெட்டி வைத்திருக்கிறார்கள். சுவாமிக்குக் கொடுத்த நகையின் குறையை ஊரறியக் கல்லில் எழுத ஒரு சக்கரவர்த்தி வெட்கப்படவில்லை. நாங்கள் 58 என்ற எண்ணைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தோம்!

மறுநாள் காலை, தெரிந்தவர் ஒருவர் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு ஒரு சந்துக்குள் நுழைந்தேன். திண்ணையை ஒட்டிய சிறிய பட்டறை. எழுபது வயதைத் தாண்டிய பத்தர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மகன் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டானாம்.

மோதிரத்தை வாங்கி உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டையும் மோதிரத்தின் உட்புறத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருது சார் இது?"

"மாப்பிள்ளையோட பாட்டி போட்டது."

"அவங்களுக்குக் கல்யாணம் எந்த வருஷம்?"

இதென்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் பையனுக்குப் போன் செய்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் விசாரித்தேன். "1963, வைகாசி" என்றான்.

பத்தர் மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்போ இது செஞ்சவன் குத்தமும் இல்லே, கொடுத்தவங்க குத்தமும் இல்லே சார். அது கவர்ன்மெண்டுத் தங்கம்."

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1962 அக்டோபரில் சீன யுத்தம் மூண்டது. பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். நாட்டில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு; தங்கமோ கள்ளத்தனமாக வந்து குவிந்துகொண்டிருந்தது. ஜனங்களின் தங்க ஆசையைக் குறைத்தாலொழிய இது தீராது என்று நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் முடிவு செய்தார். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. இனி 14 காரட்டுக்கு மேல் மாற்றுள்ள நகை செய்யக் கூடாது என்பது உத்தரவு. இருபத்துநாலு பங்கில் பதினாலு பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு சொச்சம். இயந்திரம் காட்டிய எண் அதுதான்!

நம் ஜனங்கள் 14 காரட் நகையை நகையாகவே மதிக்கவில்லை. வேலை நின்றது. தேசம் முழுவதும் பொற்கொல்லர்கள் பட்டினி கிடந்தார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிடி சற்றுத் தளர்ந்தது. 1966-ல் 14 காரட் வரம்பு எடுக்கப்பட்டது. ஆனால் கட்டுப்பாடு போகவில்லை. 1968-ல் அது தனிச் சட்டமாகி, 1990-ல்தான் நீங்கிற்று.

"எனக்கு அப்போ பத்து வயசு சார்" என்றார் பத்தர். "அப்பா குமுட்டியை அணைச்சிட்டு அரிசி மண்டியில கணக்கு எழுதப் போனாரு. நெருப்பு ஊதின வாயி, மூட்டை எண்ணிச்சு. ராத்திரியில திருட்டுத்தனமா நல்ல மாத்துல செஞ்சு கொடுத்தவங்களும் இருந்தாங்க. அப்பா மாட்டேன்னுட்டாரு. இதைச் செஞ்சவரும் அப்படிப்பட்டவரா இருக்கணும்."

நான் நேரே அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல வேளை, கேட்காம இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த விவாதம் உடனே கிளம்பிற்று. புது மோதிரத்தையாவது 22 காரட்டில் செய்ய வேண்டும் என்றாள் அக்கா. தாய் மனசு. பத்தரிடம் போய்ச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். செம்பு கூடிய தங்கம் கடினம். மாற்று உயர்ந்த தங்கம் மெது. இரண்டும் ஒரே விரலில் வருஷக்கணக்கில் உரசிக்கொண்டிருந்தால், கடினமானது மெதுவானதைத் தின்றுவிடும். பத்து வருஷத்தில் புது மோதிரம் தேய்ந்து கம்பியாகிவிடும் என்றார். நிறமும் ஒட்டாது, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. இன்றைய ஹால்மார்க் முத்திரையில் 916 போலவே 585 என்று 14 காரட்டுக்கும் இடமிருக்கிறது. ஒரு காலத்தில் சட்டம் திணித்த அளவு இன்று விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் அளவாகியிருக்கிறது. பெண் முடிவைச் சொன்னாள்: "பாட்டியோடது எதுவோ அதுவே இருக்கட்டும் மாமா."

பத்தர் மெழுகை இளக்கி அதில் மோதிரத்தை அழுத்தி அச்சு எடுத்தார். பெண்ணின் விரலை நூலால் அளந்தார். செம்பையும் வெள்ளியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உருக்கி, ஒவ்வொரு தடவையும் உரைகல்லில் பழைய கோட்டுக்குப் பக்கத்தில் புதுக் கோடு இழுத்துப் பார்த்தார். நாலாவது கோட்டில் நிறம் சேர்ந்தது. கம்பியாக இழுத்து, முகட்டுக்கு அடியில் முகடாக வளைத்தார். நம் பக்கத்தில் நெளி மோதிரம் என்று சொல்கிறோமே, அந்த ஜாதி. பொடி வைத்து ஊதி ஒட்டி, அரத்தால் ராவி, பழைய மோதிரத்தோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. "சேதாரம் எவ்வளவு?" என்றேன். "இதுக்கு வேணாம் சார். கூலி மட்டும் கொடுங்க" என்றார்.

அம்மையும் அப்பனும் ஊடிப் பிரிந்து மறுநாள் சேர்வதை ஒவ்வொரு தை மாதமும் தெருவில் நடத்திக் காட்டும் ஊர் திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்களே வெளியே வந்து காட்சி தருவார். அதைக் காண ஜனங்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அந்த ஊரில்தான் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி, மோதிரம் மாற்றி, பெண்ணும் மாப்பிள்ளையும் பாட்டியை நமஸ்கரித்தார்கள். பாட்டி பெண்ணின் விரலைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த என் அக்காவின் காதோரம் குனிந்தார்.

"அது மட்டத் தங்கம்னு எனக்குத் தெரியும்மா. கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கப்பா அதைக் கையில வெச்சிக்கிட்டு, வேற கிடைக்கலியேன்னு அழுதாரு. அதனாலதான் ஒரு நாளும் கழட்டல. உங்க பொண்ணுக்குப் போட்டது தப்பா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியா இருக்கும்மா. நீங்களே பாருங்க, இழை பிசகல."