பசிப் பயமும் சிரட்டைச் சோறும்

கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் ஓர் இளம் தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றா. "டீச்சர், இவன் பிஸ்கட்டையும் வெறும் சோறையும் தவிர ஒண்டும் வாயில வைக்கிறான் இல்ல. நீங்க ஒருக்கா வெருட்டி விடுங்க" என்றா. நான் வெருட்டவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் வெருட்டியிருக்கிறேன்.

ஆசிரியைத் தொழிலுக்கு வந்த புதிதில், பகல் சாப்பாட்டை அப்படியே மூடி வைக்கும் ஒரு பையனின் கன்னத்தைப் பிடித்து இரண்டு வாய் கீரைச் சோறு ஊட்டினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளை அந்த இடத்திலேயே சத்தி எடுத்தான். பிறகு மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டாலே ஓங்காளிக்கிறான் என்று அவனுடைய உம்மா வந்து சொன்னபோது எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

நாம் ஏன் இப்படித் திணிக்கிறோம் என்று பல வருடமாக யோசித்திருக்கிறேன். பதில் நமது ஊர்களின் சரித்திரத்தில் இருக்கிறது.

என் வயதுக்காரருக்கு 1973, 74 நினைவிருக்கும். விடியற்காலையில் பாண் கியூ. அரிசிக்குக் கூப்பன். மரவள்ளிக் கிழங்கே மூன்று நேரச் சாப்பாடு. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டபோது அடுத்த நேரச் சோற்றுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாத வீடுகள் நம்மிடையே இருந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கிண்ணியா ஆஸ்பத்திரியையே அழித்துவிட்டுப் போனது. 2006 ஆகஸ்டில் மூதூர்ச் சனம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தது. 2022இல் பால்மா பெட்டியின் விலையைப் பார்த்துத் திரும்பி வந்த தாய்மாரை நாம் எல்லோரும் அறிவோம்.

இத்தனையையும் கண்ட உம்மாவும் உம்மம்மாவும் பீங்கானில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் பதறுவார்கள். அந்தக் கை பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்வது கோபத்தினால் அல்ல, பயத்தினால். ஆனால் பிள்ளைக்குத் தெரிவது பயம் அல்ல. ஒரு கை தன் வாயைப் பிடிக்கிறது என்பதுதான் தெரியும்.

அரசாங்கமும் இந்தப் பசியைக் கண்டது. 1973இல் திரிபோஷா வந்தது. சோளம், சோயா, பால்மா சேர்ந்த மா. கிளினிக்கில் பிள்ளையை நிறுத்து, கார்டில் புள்ளி வைத்து, பக்கட்டைக் கையில் தருவார்கள். எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய மா அது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. சாப்பாடு கையில் இருந்தும் பிள்ளை வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வது?

அந்தக் கேள்வியை வெளியுலகத்திலும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் வைத்தியர் 1926இல் தொடங்கி, பால்குடி மறக்கும் வயதில் இருந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட சாதாரண உணவுகளை மாறி மாறி வைத்தார். தாதி கரண்டியோடு பேசாமல் இருக்க வேண்டும். குழந்தை கையை நீட்டினால் மட்டும் ஊட்டலாம். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகத் தெரிவு செய்தது. ஆனால் எல்லாம் நன்றாக வளர்ந்தன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு, அதை அவரே சொன்னார்: வைத்த உணவு எல்லாம் நல்ல உணவு. சீனிப் பண்டம் ஒன்றும் அங்கே இல்லை. எதை வைப்பது என்பது பெரியவரின் வேலை. எவ்வளவு என்பது பிள்ளையின் வேலை.

பிறகு லீன் பர்ச் என்பவரின் ஆராய்ச்சிகள் வந்தன. 1980இல், ஒரு மரக்கறியை விரும்பாத பிள்ளையை அதை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு உட்கார வைத்தார். சில நாட்களில் அந்தப் பிள்ளையும் அதையே எடுக்கத் தொடங்கியது. 1982இல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம், எத்தனை தரம் ருசி பார்க்கக் கிடைத்ததோ அந்த அளவுக்கு விருப்பமும் கூடியதைக் காட்டினார். நாம் இரண்டு தரம் கொடுத்துவிட்டு "இவனுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

விளையாட்டின் கதை ஜமைக்காவில் இருந்து வருகிறது. அங்கே சாலி கிரந்தம் மக்ரிகர் என்ற வைத்தியர், கடும் போசாக்கின்மையோடு ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு தினமும் விளையாட்டும் கொடுத்தார். வீடு போன பிறகும் ஆள் அனுப்பி, வெறும் போத்தல், பெட்டி, துணி கொண்டு செய்த சாமான்களால் தாய்மாரை விளையாட வைத்தார். சாப்பாடு மட்டும் கிடைத்த பிள்ளைகளை விட இவர்களின் அறிவு வளர்ச்சி முன்னே போனது. 1999இல் உலக சுகாதார நிறுவனம் கடும் போசாக்கின்மைச் சிகிச்சைக்குக் கைநூல் எழுதியபோது, மருந்து, பால், விற்றமின் பட்டியலோடு அன்பையும் விளையாட்டையும் சேர்த்துச் சிகிச்சை என்றே எழுதியது.

உணவை மறுக்கும் பிள்ளைகளுக்கென்றே ஒரு முறையை கே டூமி என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்தார். அதில் விழுங்குவது கடைசிப் படி. முதலில் அந்த உணவு இருக்கும் அறையில் பிள்ளை அழாமல் இருந்தால் போதும். பிறகு பார்ப்பது, கரண்டியால் தள்ளுவது, மணப்பது, விரலால் தொடுவது, உதட்டில் வைப்பது. ஒவ்வொரு படியும் விளையாட்டாக நடக்கும்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் சின்ன வயதில் சிரட்டையில் மண் சோறு ஆக்கி, பூவரசம் இலையில் பரிமாறி விளையாடினோமே, அது வேறு என்ன? சஹனைச் சுற்றி இருந்து ஒரே தட்டில் கை போடும்போது, பக்கத்தில் இருப்பவர் எடுப்பதைப் பார்த்து நாமும் எடுக்கிறோமே, அது பர்ச் சொன்னதல்லவா? நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை. விரும்பினால் சாப்பிடுவார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற ஹதீஸும் நமக்குத் தெரிந்ததுதான். நம்மிடம் இருந்ததைத்தான் பசிப் பயம் மறக்கச் செய்தது. இப்போது அந்த இடத்தில் போனைக் கையில் கொடுத்து ஊட்டும் பழக்கம் வந்திருக்கிறது. படம் பார்க்கும் பிள்ளை தான் என்ன தின்கிறது என்று அறிவதே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எல்லாப் பிள்ளையும் செல்லத்தால் மறுப்பதில்லை. நிறை குறைகிறது, விழுங்கும்போது இருமுகிறது, மூச்சுத் திணறுகிறது, சில நிறத்தையோ மணத்தையோ கண்டால் நடுங்குகிறது, பேச்சும் பிந்துகிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். கார்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். சாப்பிடுவதும் விழுங்குவதும் அவர்கள் படித்த பாடம். கேட்பதில் வெட்கம் இல்லை.

அந்தப் பையனுக்கு வருவோம். கிளினிக்குக்கும் போகச் சொன்னேன். இங்கே நான் செய்தது இவ்வளவுதான்: நன்றாகச் சாப்பிடும் நாலு பேருக்கு நடுவில் பாயில் இருத்தினேன். அவனுடைய பீங்கானின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு பூசணிக்காய். "தின்" என்று ஒருவரும் சொல்லக் கூடாது. முதல் வாரம் பீங்கானையே தள்ளினான். இரண்டாம் வாரம் அந்தத் துண்டை விரலால் தட்டி, "லொறி போகுது" என்றான். நேற்று விரலை மணந்து பார்த்தான்.

இன்னும் தின்னவில்லை. அவசரமும் இல்லை. நான் முப்பது வருடத்துக்கு முன் ஒரு பிள்ளைக்குக் கொடுக்காத பொறுமையை இவனுக்காவது கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி இருந்தால், இன்றைக்கு ஒரு நேரம் ஊட்டாமல் பக்கத்தில் இருந்து நீங்கள் சாப்பிடுங்கள். அது பார்க்கட்டும்.