முகூர்த்தத்திலிருந்து மிக்சிங் மேசைக்கு

நீலகிரியின் கூடலூர் மண்டபங்களுக்கு வந்துசேர்ந்த டிஎஸ்எல்ஆர் கேமரா, கல்யாண வீடியோவை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. 2008 ஆகஸ்ட் கடைசியில் நிக்கான் டி90 வந்தது. டிஎஸ்எல்ஆர் ஒன்றில் வீடியோவும் எடுக்க முடிந்தது அதில்தான் முதல் தடவை. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 17 அன்று, கேனன் நிறுவனம் 5டி மார்க் 2 கேமராவை அறிவித்தது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் இணையத்துக்காகச் சின்னச் சின்ன வீடியோவும் அனுப்ப வேண்டியிருந்த காலம் அது. அவர்கள் தோளில் இரண்டாவது கேமரா தொங்க வேண்டாம் என்றுதான் அந்த வசதி சேர்ந்தது.

ஆனால் அதைக் கையிலெடுத்துக்கொண்டவர்கள் சினிமாக்காரர்கள். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சார், பழைய ஃபிலிம் சுருளின் ஒரு ஸ்டில் படம் அளவு. முன்னால் நிற்கும் முகம் கூர்மையாகவும் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்தும் தெரியும் அந்தத் தோற்றம் அதுவரை லட்சக்கணக்கில் செலவழித்தால்தான் கிடைத்தது. 2010 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘ஹவுஸ்’ தன் பருவ இறுதிப் பகுதியை இந்தக் கேமராவிலேயே எடுத்து ஒளிபரப்பியது. தமிழில் குறும்பட இளைஞர்கள் இதை வாடகைக்கு எடுத்தார்கள். 2012-இல் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ டிஎஸ்எல்ஆரில் படமாகித் திரையரங்குக்கே வந்தது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டார் கேட்கத் தொடங்கினார்கள்: “சினிமா மாதிரி வேணும்.”

அதற்கு முன் இருந்த முறையை நினைத்துப் பார்க்க வேண்டும். தோளில் கனமான விஎச்எஸ் கேமரா, பின்னாலேயே சன்கன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு லைட் பாய், மூன்று மணி நேரக் கேசட். டேப் ஓடிக்கொண்டே இருக்கும். மேடையில் மொய் கொடுக்க நின்ற வரிசை முழுதும் அதில் பதிவாகும். பந்தியில் வெளிச்சம் விழுந்ததும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்ட அத்தை, சமையற்கட்டில் சாம்பார் வாளியோடு போகும் ஆள், தூணோரம் தூங்கும் குழந்தை, எல்லோரும் உண்டு. படம் அழகாக இருக்காது. ஆனால் அன்று யார் வந்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

டிஎஸ்எல்ஆர் அப்படி ஓடாது. 5டி மார்க் 2 எழுதும் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கார்டில் இருந்த பழைய கோப்பு முறையின் எல்லை அது. முழு எச்டி தரத்தில் சுமார் 12 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும், பதிவு நின்றுவிடும், மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். பின்னால் வந்த கேமராக்கள் இதைத் தாண்டினாலும் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றன. அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கக் கணக்கில் அது வீடியோ கேமராவாகிக் கூடுதல் வரி விழும் என்பது அன்று காரணம். எங்கோ எழுதப்பட்ட ஒரு வரி விதி, நீலகிரியில் தாலி கட்டும் நேரத்தில் கேமராக்காரர் விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது. அதனால்தான் முகூர்த்தத்துக்கு இரண்டு கேமரா. ஒன்று நின்றால் இன்னொன்று.

கெட்டிமேளம் அடுத்த சோதனை. கேமராவுக்குள் இருக்கும் மைக், சத்தம் குறைந்தால் தானே கூட்டிக்கொள்ளும், கூடினால் தானே குறைத்துக்கொள்ளும். புரோகிதர் முணுமுணுக்கும் மந்திரத்துக்காக அது காதைத் தீட்டி வைத்திருக்கும்போது தவிலும் நாதஸ்வரமும் ஒரே வீச்சில் எழுந்தால் ஒலி உடைந்துபோகும். மேளம் அடங்கிய பிறகும் சில விநாடிகளுக்கு மற்ற எல்லாம் கிணற்றுக்குள் போனது போலக் கேட்கும். தேவாலயத் திருமணத்தில் தொல்லை தலைகீழ். மணமக்கள் தாழ்ந்த குரலில் சம்மதம் சொல்லும் அமைதியில், ஆனி மழை தகரக் கூரையில் அடிப்பதையே மைக் பெரிதாக்கிக் கொடுக்கும். நிக்காஹ் வீட்டில் ஒப்பனா பாட்டின் கைத்தட்டல். தமிழும் மலையாளமும் கன்னடமும் படுகமும் புழங்கும் ஊர் இது. ஒரே வாரத்தில் மூன்று வகைக் கல்யாணம் எடுக்கிறவருக்கு, தனி ரெக்கார்டர் ஒன்றை மேடையோரம் வைத்துவிட்டுப் பிறகு ஒலியையும் படத்தையும் மேசையில் பொருத்துவதுதான் வழி.

பட்டுப்புடவையையும் அந்தக் கேமரா லேசில் விட்டதில்லை. சென்சாரில் குறுக்கே 5,616 புள்ளி. வீடியோவுக்குத் தேவையோ 1,920. மீதியைச் சுருக்க நேரமில்லாமல் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும். ஜரிகையின் நெருக்கமான கட்டங்களில் அது சிக்கி, புடவையில் இல்லாத நிறக்கோடுகள் நெளியும். ஸ்டில் எடுப்பவரின் ஃபிளாஷ் வெடித்தால் படத்தின் பாதி மட்டும் வெளுக்கும், மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால். டியூப் லைட் வெளிச்சத்தில் மினுமினுப்பும் இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முதலில் வந்த 5டி மார்க் 2-இல் விநாடிக்கு 30 பிரேம் மட்டுமே. வீடியோவுக்கு ஷட்டரை நாமே வைக்கவும் வழியில்லை. 2009 ஜூனில் வந்த மென்பொருள் ஷட்டரைத் திறந்துவிட்டது, 2010 மார்ச்சில் வந்தது 25 பிரேமைக் கொடுத்தது. ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் வைத்தால் மினுமினுப்பு போய்விடும். இதையெல்லாம் எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் மண்டபத்தில் நின்றே கற்றுக்கொண்டவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எடுத்தது இனி மேசைக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரக் காட்சி கிட்டத்தட்ட 20 ஜிபி. இரண்டு கேமரா, இரண்டு நாள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மைசூரில் வரவேற்பு வைத்தவர்களின் கார்டுகள் முதுமலை, பந்திப்பூர் காட்டைக் கடந்து வரவேண்டும். இரவு 9 மணி முதல் காலை 6 வரை பந்திப்பூர் சாலையில் போக்குவரத்துக்கு 2009 முதல் தடை. எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம் என்றால் முடியாது. வெளியூரில் மிக்சிங் (எடிட்டிங்) கொடுக்க வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க் நடுவட்டம், பைக்காரா, ஊட்டி, குன்னூர் ஏறி இறங்கி மேட்டுப்பாளையம் வழியே கோவைக்குப் பயணம் போகும். ஊரில் மிஞ்சும் லென்சுக்கு மழைக்காலம் பகை. கூடலூர், தேவாலா பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையில் பையிலேயே கிடக்கும் லென்சில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவோ, சின்ன பல்பு எரியும் பெட்டியோ அதற்கு வீடு.

மேசையில்தான் கல்யாணம் இரண்டாவது முறை நடக்கிறது. அந்தக் காலத்துக் கணினிகள் கேமராவின் சுருக்கிய கோப்பை இழுக்க முடியாமல் திணறின. வேறு வடிவத்துக்கு மாற்றுவதிலேயே ஒரு இரவு போகும். 2010-இல் அடோபி பிரீமியர் அதை நேரடியாக ஓட்டத் தொடங்கிய பிறகே மூச்சு வந்தது. இரண்டு நாள் காட்சி நாலைந்து நிமிட ‘ஹைலைட்ஸ்’ ஆகச் சுண்டும். மெல்ல விழும் அட்சதை, மருதாணிக் கை, நிமிரும் கண். எடுக்கும்போதே துண்டு துண்டாக எடுக்கப் பழகிவிட்டதால் இப்படி வெட்டுவது இயல்பாகிவிட்டது.

எனக்கு இருக்கும் வருத்தம் இங்கேதான். 50 எம்எம் லென்சை 1.8-இல் திறந்து வைத்தால் மணப்பெண்ணின் கண் கூர்மை, காதோ மங்கல். இரண்டடி பின்னால் கைகூப்பி நிற்கும் அப்பா ஒரு நிறத்திட்டு. அழகு என்று நாம் கொண்டாடிய அந்தக் கரைதல், கல்யாணத்தைச் சுமந்தவர்களைத்தான் கரைக்கிறது. மீந்தவர்களை மிக்சிங் வெட்டுகிறது. பந்தியும் மொய் வரிசையும் ஹைலைட்சில் வருவதில்லை.

வேறு ஊரில் இது ருசி சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கலாம். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் அப்படி எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தலைமன்னார் கப்பலில் வந்து, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலையேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ. சேரம்பாடி, நெல்லியாளம், தேவாலா லைன் வீடுகளில் தாத்தா பாட்டியின் முகம் பல வீட்டில் பாஸ்போர்ட்டில் ஒட்டிய படத்தோடு நின்றுவிடுகிறது. இப்படியொரு வீட்டில் கல்யாணம் என்றால் கப்பலேறி வந்த தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது அந்த ஒரு நாள்தான். முன்வரிசை நாற்காலியில் பாட்டி பக்கத்து வீட்டுக் கிழவியோடு கண்டிக் கதை பேசுவதை இரண்டாவது கேமரா தற்செயலாகப் பதிவு செய்திருக்கும். ஒலி கூடச் சுமாராக விழுந்திருக்கும். ஹைலைட்சுக்கு அது தேவைப்படாது.

தேவைப்படாததெல்லாம் எங்கே போகிறது? ஸ்டுடியோவின் ஹார்ட் டிஸ்க்கில் சில மாதம் இருக்கும். ஆல்பமும் பென்டிரைவும் கொடுத்துக் கணக்கு முடிந்தபின், அடுத்த சீசனுக்கு இடம் வேண்டுமென்று அழிக்கப்படும். ஸ்டுடியோக்காரரைக் குறை சொல்ல முடியாது. பழைய கல்யாணங்களையெல்லாம் காசு வாங்காமல் காப்பாற்ற அவரால் ஆகாது. 2013-இல் கேனன் 70டி தானே ஃபோகஸ் பிடிக்கத் தொடங்கியது. பிறகு கண்ணாடியில்லாத கேமராக்கள் வந்து அரைமணித் தடையும் போனது. 5டி இன்று செகண்ட் ஹேண்டில், தொழில் கற்கும் பையன்கள் கையில். டேப் போல நீளமாக ஓடவிடக் கேமராவுக்கு மறுபடி வலு வந்திருக்கிறது. ஓடவிடச் சொல்லும் வீட்டார்தான் குறைவு.

முன்பணம் கொடுக்கும்போதே இரண்டைப் பேசி எழுதி வாங்கிவிட வேண்டும். ஒரு கேமரா பந்தியிலும் முன்வரிசையிலும் ஃபோகஸ் கரையாமல், அகலமாக, வெட்டாமல் ஓட வேண்டும். எடுத்த மொத்தக் காட்சியும், ரெக்கார்டரின் தனி ஒலியோடு, அழிப்பதற்கு முன் வீட்டார் வாங்கித்தரும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற வேண்டும். டிஸ்க் ஒன்று போதாது. இந்த ஈரத்தில் இரண்டு வேண்டும், இரண்டாவது சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில்.