முந்நூறுக்கு எத்தனை?

மலர்க் குழுவினர் "ஏதாவது வரலாறு எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியான மூத்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், விடவில்லை. ஆகவே, என்னை இந்தக் கல்லூரியில் கொண்டுவந்து சேர்த்த நுழைவுத் தேர்வின் வரலாற்றை எழுதுகிறேன். அதில் போதிய மதிப்பெண் வராததால்தான் 1994-இல் நான் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தேன்!

மூத்த அண்ணாச்சிமார் பலருக்கு இந்தத் தேர்வு தெரியாது. அவர்கள் காலத்தில் பி.யூ.சி. நம் வகுப்பறைகளிலேயே நடந்தது. 1978-இல் பிளஸ் டூ வந்தபின் அந்த வகுப்பு பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டது. அந்நாளில் மருத்துவப் படிப்புக்கு நேர்காணல் உண்டு. 1970-இல் உச்ச நீதிமன்றம் வரை போன பெரியகருப்பன் வழக்கைப் படித்தால் தெரியும்: பாடங்களுக்கு 200 மதிப்பெண், நேர்காணலுக்கு 75. சில நிமிடப் பேச்சுக்கு 75! எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. முகம் பார்க்காமல் போடும் மதிப்பெண் என்ற அளவில் அது நல்ல ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. அதற்குள் பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி (1965), திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி (1981) இரண்டும் வந்துவிட்டன. எங்கள் சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்தான்.

ஆனால் அந்தத் தேர்வின் அமைப்பை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கினேன். பக்கத்து வீட்டுப் பையனும் மறுநாள் எழுதுகிறவன். "ஏல, உனக்கு முந்நூறுக்கு எத்தன வரும்?" என்றான்.

"ஆயிரத்து இருநூறுக்குல்லா?" என்றேன்.

சிரித்துவிட்டு, தினசரித் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினான். பொறியியலுக்குக் கணக்கின் 200-ஐ 100 ஆக்குவார்கள். இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றின் 200-ஐயும் 50 ஆக்குவார்கள். ஆக 200. நுழைவுத் தேர்வு 100. மொத்தம் 300.

"அப்ப தமிழு, இங்கிலீசு?"

"அதெல்லாம் சேராதுல்லா."

தமிழில் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்று செய்யுளெல்லாம் உருப்போட்டவன் நான். இங்கிலீஷுக்குப் பயந்து தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கியவன். உயிரியல் நோட்டில் கலர் பென்சிலால் படம் வரைந்தவன். 1200-இல் 600 மதிப்பெண் அந்தக் கணக்கில் வரவே வராது என்பது பொதுத் தேர்வெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. கணக்கில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் அரை போகும். இயற்பியலில் போனால் கால்தான். இது தெரிந்தவன் நேரத்தைப் பங்கு போடுவதே வேறு மாதிரி.

மறுநாள் தேர்வறையில் இன்னொன்று. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். நானோ, பத்து மதிப்பெண் கேள்வியைப் போல முதல் வரியிலிருந்து சமன்பாட்டை வருவித்துக்கொண்டிருந்தேன். விடைகளைப் பார்த்துத் தப்பானவற்றைத் தள்ளலாம், அலகைப் பார்த்தே இரண்டைக் கழிக்கலாம் என்பதெல்லாம் யோசனையிலேயே இல்லை. மணி அடித்தபோது பல கேள்விகளை நான் படிக்கக்கூட இல்லை. பாடம் தெரியாமல் தோற்றேன் என்றால் மனசு ஆறியிருக்கும்.

ஜெயலலிதா அரசு 2005-இல் ஆணை மூலமாகவும், 2006 தொடக்கத்தில் சட்டம் மூலமாகவும் இந்தத் தேர்வை நீக்கப் பார்த்தது. இரண்டையும் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்து வந்த கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழுவை அமைத்து, அதன் அறிக்கையைக் கொண்டு புதுச் சட்டம் இயற்றியது. அது 2007-இல் நிலைத்தது. பழைய 300-இல் நுழைவுத் தேர்வின் 100 போய், மிச்சம் 200-தான் இன்றும் பொறியியல் கட்-ஆஃப்.

மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியானால் நான்கு, தப்பானால் ஒன்று போகும். தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. 2018-இல் எங்கள் தெருப் பிள்ளை ஒன்றுக்கு எர்ணாகுளத்தில் மையம் போட்டார்கள். அப்பாவும் மகளும் ரயிலேறிப் போய்வந்தார்கள். அந்த வருஷத் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. சிறுத்தை 'சீத்தா' ஆகியிருந்தது. மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழும் ஆங்கிலமும் முரண்பட்டால் ஆங்கிலமே முடிவு என்பது அந்தத் தேர்வின் விதி. "சார், அது எனக்கு மொதல்லயே தெரிஞ்சிருந்தா இங்கிலீசையும் ஒரு பார்வ பார்த்திருப்பேன்" என்று அந்தப் பிள்ளை சொன்னது. எனக்கு அத்தை வீட்டுத் தினசரித் தாள் ஞாபகம் வந்தது.

ஆசிரியனாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிளஸ் ஒன் முதல் வகுப்பில் பாடம் எடுப்பதில்லை. இந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம் எத்தனையோ இருக்க, நான் ஒருவன்தானே! சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் துறை வராந்தாவில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். தத்தம் ஊர்ப் பள்ளியில் ஒரு நாள் போய் இதைச் சொல்லித்தர முடிகிறவர்கள் பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போகலாம். இப்போது படிக்கிற தம்பி, தங்கையரும் வரலாம்.