ஈசல், எறும்பு சாப்பிடலாமா? இறால் அலர்ஜி இருந்தா உஷார்!

ஒடிசாவின் மயூர்பஞ்ச் பழங்குடி மக்கள் முசுறு எறும்பை அரைத்துச் செய்யும் 'காய்' சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. அசாமில் எரி பட்டின் கூட்டுப்புழுவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். தமிழகக் கிராமங்களில் மழைக்கு வரும் ஈசலை வறுத்துத் தின்பார்கள். புரதம் நிறைய இருக்கு, சரி. எல்லாருக்கும் ஒத்துக்குமா?

யார் கவனமா இருக்கணும்?

இறால், நண்டு அலர்ஜி உள்ளவர்கள். இறாலும் பூச்சியும் கணுக்காலிகள். இரண்டிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் உண்டு. இறாலை ஏற்காத உடல், பூச்சியையும் அப்படியே எதிர்க்கலாம். சமைத்தாலும் இந்தப் புரதம் எளிதில் சிதையாது. சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எங்கே பிடிச்சது?

பூச்சிமருந்து அடித்த வயலில் பிடித்ததைத் தொடாதீங்க. வறுத்தாலும் மருந்தின் எச்சம் முழுசாகப் போகாது. செத்துக் கிடப்பதும், பெயர் தெரியாத பூச்சியும் வேண்டாம்.

எப்படிச் சமைப்பது?

உயிரோடு பிடித்து, அன்றே நன்றாக வேகவைக்க வேண்டும். வெட்டுக்கிளி என்றால் முள் உள்ள காலையும் இறக்கையையும் கிள்ளிவிடணும். இல்லாவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளலாம். பேசில்லஸ் கிருமிகளின் வித்துகள் கொதிநீரையும் தாங்கும். அதனால், வேகவைத்ததை வெளியே வைத்திருந்து மறுநாள் சாப்பிடக் கூடாது.