காஜா என்றால் வீடு

சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்கு நம் டெய்லர்கள் வைத்திருக்கும் பெயர் காஜா. ‘காஜா எடுக்கணும்’, ‘காஜா விட்டுப்போச்சு’, ‘காஜா பையன் இன்னும் வரல’. கடைக்கு வெளியே இந்தச் சொல்லைக் கேட்டால் யாரோ ஒரு மனிதரின் பெயர் என்றுதான் தோன்றும். போர்த்துக்கீசிய மொழியில் ‘காசா’ என்றால் வீடு. பொத்தான் குடியிருக்கும் வீடு. பொத்தானும் அவர்கள் கொண்டுவந்த சொல்தான். இந்தியில் இதே துளை ‘காஜ்’.

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில் வேதாளை என்றொரு ஊர் வரும். பஸ்ஸில் கண் அசந்தால் தாண்டிவிடும். 1538இல் அந்தக் கரையில்தான் போர்த்துக்கீசியப் படை கோழிக்கோட்டு மரைக்காயர்களின் கப்பற்படையைத் தோற்கடித்தது. 1549இல் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் அதே ஊரில் கொல்லப்பட்டார். முத்துக்கும் மதத்துக்கும் கடல்வழிக்கும் நடந்த சண்டைகள் அவை. சண்டை போட்டவர்கள் போய்விட்டார்கள். சாவி, ஜன்னல், அலமாரி, பொத்தான், காஜா எல்லாம் நம் வீட்டுக்குள் தங்கிவிட்டன. காஜா வேதாளையில்தான் கரையிறங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. கோவாவிலிருந்து கொச்சி வரை எந்தக் கரையிலிருந்தும் அது வந்திருக்கலாம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இலங்கைத் தமிழில் கைக்குட்டை ‘லேஞ்சி’, லேஸ் ‘ரேந்தை’. இரண்டும் போர்த்துக்கீசியமே.

அதற்கு முன்னால் நாம் தைக்கவே இல்லையா என்று கேட்டால், தைத்தோம். பழைய சொல் ‘துன்னம்’. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத் தெருவில் துணி தைக்கும் துன்னகாரரும் இருக்கிறார்கள், தோல் தைப்பவர்களும் இருக்கிறார்கள். புறநானூற்றின் 136ஆம் பாட்டில் துறையூர் ஓடைகிழார் தன் கந்தல் துணியைப் பற்றிப் புலம்புகிறார். ஒட்டுப்போட்ட தையல் இடுக்குகளில் பேன் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதாம். தைக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். தையலின் உட்புறம், பிசிறு தொங்குகிற இடம், அழுக்கும் பூச்சியும் சேர்கிற இடம் அதுதான்.

இன்னொரு பாட்டு எனக்கு அதைவிட முக்கியம். 82ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை வேறு, பொழுது சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒருவன் கட்டில் பின்னி முடிக்க வேண்டும். அவன் கையிலுள்ள ஊசி என்ன வேகத்தில் போகுமோ அந்த வேகத்தில் போர் நடந்தது என்கிறார் புலவர். ஊசி பிடித்த ஒரு கையை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்த வேறொரு பழைய பாட்டு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கைக்காரனுக்குப் புலவர் வைக்கிற பெயர் ‘இழிசினன்’. வேலையை வியந்த அதே மூச்சில் ஆளைத் தாழ்த்துகிறது பாட்டு.

நான் தையல் பழகியது மன்னார்ப் பக்கத்திலிருந்து 1990இல் படகில் வந்து, இந்தக் கரையிலேயே தங்கிவிட்ட ஓர் அக்காவிடம். பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். முதல் நாள் மிஷினைத் தொடவே விடவில்லை. “பிள்ளை, முதல்ல துணியத் தண்ணியில போடும். அது சுருங்குற அளவுக்குச் சுருங்கட்டும். பிறகுதான் கத்திரி.” பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் அளவெடுத்தது எல்லாம் வீண். லைனிங் துணி வேறு, மேல்துணி வேறு அளவில் சுருங்கும் என்பதால் இரண்டையும் தனித்தனியே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தோடு வெளியே வருகிற புதுச் சுடிதார்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பாடம் பாவும் ஊடையும். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. துணியின் கரைக்கு இணையாகப் போவது பாவு. துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பாவு வாக்கில் ஏறக்குறைய இழுபடாது, ஊடை வாக்கில் கொஞ்சம் கொடுக்கும், மூலைவாட்டில் நன்றாக நீளும். உடம்பின் உயரம் பாவோடு போகிறபடி வெட்டினால் உடை தொங்கும்போது கோணாது. கிராஸ் கட் ஜாக்கெட் உடம்போடு ஒட்டி உட்கார்வது மூலைவாட்டு இழுப்பின் வித்தை. அதே காரணத்தால் புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் ஆரம்பிக்கக் கூடாது. நேராக வெட்டத் தெரியாவிட்டால் ஊடை நூல் ஒன்றை உருவிவிடுங்கள். அது போன தடத்தில் ஒரு கோடு தெரியும். அதுதான் ஸ்கேல்.

முதல் உடையாக எதைத் தைப்பது? யூடியூப் எல்லாரையும் ஜாக்கெட்டுக்கு இழுத்துப்போகிறது. ஜாக்கெட் கடைசிப் பாடம். இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள பல பழைய அங்கிகள் செவ்வகங்களால் ஆனவை. முன்பக்கம், பின்பக்கம், கைக்கு இரண்டு துண்டு, கக்கத்தில் ஒரு சதுரம். தறியில் வந்த அகலத்தை வீணாக்காத வெட்டு. ‘குப்பாயம்’ என்ற பழைய தமிழ்ச் சொல் மேலுக்குப் போடுகிற தைத்த உடையைக் குறித்தது. கக்கத்துச் சதுரம் சின்னதுதான், ஆனால் அது இருந்தால் கையை மேலே தூக்கும்போது சட்டை இழுக்காது. வளைவே இல்லாமல் ஒரு முழு உடை. ஒரு பழைய வேட்டியில் வெட்டிப் பார்த்துவிட்டுப் புதுத் துணிக்குப் போகலாம். இன்னும் எளிய வழி, உங்களுக்குப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைப் பிளேடால் தையல் தையலாகப் பிரித்துத் தரையில் பரப்புவது. டெய்லரின் மனசு முழுக்க அங்கே கிடக்கும்.

பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலமாவது விட்டுத் தைக்கச் சொன்னார் அக்கா. “ஆள் வளரும், துணி வளராது.” மெலிந்த துணியென்றால் பிசிறை அடைக்க ஒரு வழி: துணிகளின் உட்புறம் உள்ளே சேரும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறைப் பாதியாக நறுக்கி, துணியைத் திருப்பி, இப்போது வெளிப்புறங்கள் உள்ளே சேரும்படி வைத்து இன்னொரு தையல். பிசிறு உள்ளே அடைபட்டுவிடும். ஓவர்லாக் மிஷின் தேவையில்லை. ஓடைகிழாரின் பேனுக்கும் இடமில்லை.

இதுவரை சொன்னது கைப்பழக்கம். இனி சொல்லப்போவது, இந்தக் கைப்பழக்கம் யாருக்கு அனுமதிக்கப்பட்டது என்பது.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், 1946இல் வெளிவந்த தன் நூலில் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பற்றி ஒரு பட்டியல் தருகிறார். அன்றைய மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் 1985இல்தான் பிரிந்தன. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பவற்றோடு உடைக்கென்றே தனித் தடைகள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

அந்தப் பட்டியலைத் தையல் பழகுகிறவளாகப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பனியன் வரைக்கும் பெயர் சொல்லித் தடுக்கிறார்கள் என்றால், யாரோ ஏற்கெனவே சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு பெண் ரவிக்கை போட்டுக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறாள். எவரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் 1859இல் ஒரு முடிவுக்கு வந்து எழுபது வருஷம் கழித்து நடந்தது இது.

இதே வட்டாரத்தில், ஒன்பது வருஷம் முன்னால், நேர் எதிரான ஒரு காட்சி. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி தைத்த உடையை விட்டுவிட்டு இடுப்பில் ஒரு துண்டோடு வெளியே வந்தார். ஏழைகளைப் போல இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்த முடிவின் மீது மரியாதை உண்டு. ஆனால் சட்டையைக் கழற்ற முடிவதற்கு முதலில் அதைப் போட உரிமை இருந்திருக்க வேண்டும். அம்பேத்கரின் கோட்டைக் கேலி செய்கிற இணையத்துப் பிள்ளைகள் 1930இன் எட்டுத் தடைகளை ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

காந்திக்குத் தையல் மீது பகை இல்லை. 1924இல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர், எல்லா எந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார். காந்தி விதிவிலக்காகக் காட்டியது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள்மேல் உள்ள அன்பில் சிங்கர் அதைச் செய்தார் என்றார். அழகான கதை. ஆனால் 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கர் பல பெண்களோடு பல குடும்பங்கள் நடத்தி, இருபதுக்கும் மேல் பிள்ளைகள் பெற்ற ஆசாமி. தையல் மிஷினை முதலில் கண்டுபிடித்தவரும் அவர் இல்லை. அன்று கேள்வி கேட்ட அந்த மாணவர்தான் பின்னாளில், 1947இல், டி. எஸ். சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

சிங்கர் கம்பெனியின் நிஜமான கண்டுபிடிப்பு தவணை முறை. 1850களிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். மொத்தப் பணம் இல்லாத வீட்டுக்குள்ளும் மிஷின் நுழைந்தது அதனால்தான். 1877இல் இலங்கைக்கு வந்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபோது இரண்டு கரையும் ஒரே டிக்கெட்டில் சேர்ந்தன. போட் மெயில் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். கொழும்பிலிருந்து வருகிறவர்களின் சாமான்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் கதைகதையாகச் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயில் ஒன்று பயணிகளோடு கடலில் போனது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களும், 1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்தவர்களும் மண்டபம் முகாம் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். படகில் வருகிறவர்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கைவேலையைக் கொண்டுவரலாம். அக்கா கொண்டுவந்தது அதைத்தான். மிஷின் இங்கே பழைய சாமான் கடையில் வாங்கியது.

காஜா பையனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டெய்லர் கடை வாசல்படியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காஜா எடுக்கிற, பொத்தான் கட்டுகிற சிறுவன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன். வருஷக்கணக்கில் அதைச் செய்து, மாஸ்டர் வெட்டுவதை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் தொழில் கற்றான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. இன்று அந்த வேலை வீடுகளுக்குப் போய்விட்டது. ஹெம்மிங்கும் ஹூக்கும் ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று பெண்களிடம் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கண் பார்வை போகிற வேலை, கூலி டீக்காசு.

நீங்கள் எடுப்பதாக இருந்தால் இப்படி எடுங்கள். பொத்தானின் அகலத்தோடு அதன் தடிப்பையும் கூட்டிக் கோடு போடுங்கள். வெட்டுவதற்கு முன் கோட்டைச் சுற்றி நெருக்கமாக ஓட்டுத்தையல் ஒன்று போட்டுவிடுங்கள், பிசிறு ஓடாது. பிறகு நடுவில் வெட்டி, ஒவ்வொரு குத்துக்கும் நூலை ஊசிக்கு அடியில் வளைத்து முடிச்சு விழ இழுங்கள். முடிச்சுகள் வெட்டிய விளிம்பில் வரிசையாக உட்கார வேண்டும். முதல் பத்து காஜா கோணலாகத்தான் வரும்.

தமிழக அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர். தலித் சமூகத்திலிருந்து வந்து மாநிலத்திலும் ஒன்றியத்திலும் அமைச்சராக இருந்தவர். கைம்பெண்களும், கணவனால் கைவிடப்பட்டவர்களும், மாற்றுத்திறனாளிகளும், ஏழைப் பெண்களும் அதில் மிஷின் வாங்குகிறார்கள். ரவிக்கை போடக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு போட்ட அதே கிராமங்களுக்கும் அந்தப் பெயரில் மிஷின் போகிறது. அங்கே ரவிக்கைதான் தைக்கிறார்கள்.

ஒரு விஷயம், கடற்கரையில் இருப்பவர்களுக்கு. உப்புக் காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி துணியில் நூல் இழுத்துவிடும். மிஷின் ஆயில் தொட்ட துணியில் ஊசிகளைச் சுற்றி மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். சாதாரணப் பருத்திக்கு 14ஆம் நம்பர், மெல்லியதற்கு 11. மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளானால் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும்.