கலியாணக் கார்டில் ஒரு அறபுத்தமிழ் வரி



எங்கள் வீட்டுக் கலியாணத்துக்குக் கார்ட் அடிக்கப் போன இடத்தில் மாதிரிக்கு எடுத்துத் தந்த தாளில் பிஸ்மில்லாஹ் துண்டு துண்டாக நின்றது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேரவில்லை. போதாததற்கு இடமிருந்து வலமாக வேறு. அந்தக் கொம்பியூட்டரில் இருந்த மென்பொருளுக்கு அறபு பிடிபடவில்லை. "786 போட்டு முடிப்போம்" என்றார்கள் தம்பிமார். உம்மம்மா விடவில்லை.

இந்தக் கரைச்சல் புதிதல்ல. ஈய எழுத்துகளைக் கோத்து அடித்த காலத்தில் அறபு அச்சு செலவு பிடித்த வேலை. ஒரே எழுத்துக்கு முதலில், நடுவில், கடைசியில், தனியே நிற்கையில் என்று வேறு வேறு உருவம். அறபுத்தமிழுக்கு இன்னும் கூட. ட, ண, ப போன்ற நம் ஓசைகளுக்காகப் புள்ளியும் குறியும் கூட்டிய எழுத்துகளும் வேண்டும். அத்தனை ஈயத்தைச் சின்ன அச்சகம் எப்படி வாங்கி வைக்கும்?

அதனால்தான் நம் மூத்தவர்கள் கல்லச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 1796 அளவில் ஜேர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை அது. வழவழப்பான சுண்ணக்கல்லில் கொழுப்பு மையால் எழுத்து ஏறும். கல்லை நனைத்து மை உருட்டினால் ஈரம் மையைத் தள்ளும், எழுதிய இடம் மட்டும் பிடித்துக்கொள்ளும். கையால் எப்படி எழுதினாலும் அப்படியே அச்சாகும், எழுத்துப் பெட்டியே தேவையில்லை. அறபுத்தமிழ்க் கிதாபுகள் பல இப்படித்தான் வந்தன. 1869இல் பாபா யூனூஸ் சல்தீன் கொழும்பில் நடத்திய 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையும் அறபு எழுத்தில், கல்லச்சில் வந்ததுதான்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கலியாணக் கார்ட்கள் ஈய எழுத்துக் காலத்தவை. சிலவற்றில் பிஸ்மில்லாஹ்வுக்கு மட்டும் ஒரு பிளாக் செய்து வைத்திருக்கிறார்கள். மற்றவற்றில் அப்ஜத் கணக்கில் வரும் 786. மீதி எல்லாம் தமிழ் எழுத்து. அறபுத்தமிழில் ஒரு வரி கூட இல்லை. எழுதத் தெரியாமல் அல்ல. அந்தக் கார்ட்களை அடித்த காலத்தில் உம்மம்மா அறபுத்தமிழில்தான் கடிதம் எழுதினா.

இப்போதைய ஓப்செட், அந்தக் கல்லச்சின் பேரப்பிள்ளை. கல்லுக்குப் பதில் அலுமினியப் பிளேட். தண்ணீரும் கொழுப்பும் சேராத அதே வித்தைதான். நூறு கார்ட் என்றால் டிஜிட்டல் மலிவு, பிளேட் செலவு இல்லை. ஸ்கிரீன் பிரிண்டிங் தடித்த அட்டைக்கு அழகு, ஆனால் மெல்லிய பேனாக் கோடுகளில் மை அடைத்துவிடும். எங்களுக்கு நானூறு கார்ட். ஓப்செட்டே சரிவந்தது.

உம்மம்மாவிடம் வெள்ளைத் தாளும் கறுப்பு மைப் பேனாவும் கொடுத்தோம். பிஸ்மில்லாஹ்வும், அதன் கீழே "எல்லாரும் வந்து துஆ செய்யுங்கோ" என்று அறபுத்தமிழில் ஒரு வரியும் எழுதித் தந்தா. கை கொஞ்சம் நடுங்கியிருந்தது. திருத்தாமல் ஸ்கேன் செய்து அப்படியே பிளேட்டில் ஏற்றச் சொன்னோம்.

கார்ட் கொடுக்கப் போன வீடுகளில் குர்ஆன் ஓதும் பிள்ளைகள் அந்த வரியை எழுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். புள்ளி கூடின எழுத்து வந்ததும் நின்றார்கள். தடங்கலில்லாமல் வாசித்தது ஏழு பேர். எல்லோரும் எழுபது தாண்டியவர்கள்.